கூரைமேல் ஏறிக் கேட்டவன்

எங்க அப்பத்தா கோடைக்கானலை ஊர்ப் பேர் சொல்லிச் சொல்லாது. 'தூக்குமலை' என்றுதான் சொல்லும். அதோட மாமனார், எனக்குப் பூட்டன், பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களையும் துரைசாணிகளையும் டோலியில் உட்காரவைத்து மலைக்குத் தூக்கிக்கொண்டு போன ஆட்களில் ஒருவர். 1910களில் மோட்டார் ரோடு வந்து சேர்கிற வரைக்கும் அந்த மலைக்கு நடந்து போகணும், இல்லையென்றால் குதிரை, அதுவும் இல்லையென்றால் மனுசன் தோள். வெள்ளைக்காரன் அந்தப் பாதைக்கு வைத்த பேர் 'கூலி காட்'. இன்றைக்கு மலையேற்றம் போகிறவர்கள் முதுகுப்பையோடு அதில் ஏறி இறங்குகிறார்கள். பாதை செண்பகனூரில் போய் முடிகிறது.

தூக்கப்பட்டவர்களில் பலபேர் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள். கோடைக்கானல் என்ற ஊரை உண்டாக்கியதே அவர்கள்தான். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த இடம் தேடி 1845இல் மலைமேல் இரண்டு பங்களா கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று அவற்றுக்குப் பேர். (அதே 1845இல்தான் அயோத்திதாசப் பண்டிதர் பிறந்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எனக்கு அந்த வருசத்தை இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளப் பிடிக்கும்.)

டோலி தூக்கிய பூட்டன்தான் எங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் வாங்கியவர். தூக்கின துரையின் வாயால் கேட்டு வாங்கினாரா, ஊருக்கு வந்த உபதேசியார் வாயால் கேட்டு வாங்கினாரா என்று அப்பத்தாவுக்குத் தெரியாது. நாங்கள் சக்கிலியர். சபைப் பதிவேட்டில் பேர் மாறியது. தெருவில் மாறவில்லை.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், அந்த மலைமேல் ஒரு பழைய பங்களாவில் 'சீஷத்துவம்' பற்றி மூன்று நாள் கூடுகை. எங்கள் சபையிலிருந்து என்னையும் அனுப்பினார்கள். வத்தலக்குண்டில் பஸ் ஏறி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பேச வந்தவர் நன்றாகப் படித்தவர். இயேசு ஒரு யூத ரபீ, அவருடைய சீஷத்துவத்தை யூத மரபிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த மூச்சிலேயே, 'இது நமக்கொன்றும் புதிதில்லை, நம்ம நாட்டுக் குரு-சிஷ்ய பரம்பரைதான் அது. கேள்வி கேட்காமல் பின்னால் போகிறவன்தான் சீஷன்' என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, 'அய்யா, அப்ப ஏகலைவன் யாருக்குச் சீஷன்?' என்று கேட்டேன். 'இங்கே அரசியல் வேண்டாம் தம்பி, ஜெபச் சிந்தையோடு உட்காருங்கள்' என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு உட்கார்ந்ததற்கு இப்போது எழுந்து பேசுகிறேன் என்று தோழர்கள் வைத்துக்கொள்ளலாம்.

*

முதலில் ஒரு கதை. பாபிலோனியத் தல்மூதில், யோமா என்ற பகுதியில் இருக்கிறது. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் சபையில் முன்பு ஊழியம் பார்த்துக் காலமாகிவிட்ட ஒரு ஐயர். (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சேரிப்பிள்ளை பாதிரியாகப் போனாலும் ஐயர்தான். இந்த வேடிக்கைக்குப் பிறகு வருகிறேன்.) அவர் எபிரேயம் படித்தவர். ராத்திரியில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு கதை சொல்லுவார்.

ஹில்லேல் என்று ஒருவர். இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்து அன்றாடக் கூலிக்கு வேலை செய்தவர். அன்றைய கூலியில் பாதியைக் கல்விக் கூடத்தின் வாசல்காரனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மீதிப் பாதியில் அவரும் குடும்பமும் சாப்பிடணும். ஒருநாள் வேலை கிடைக்கவில்லை. காசு இல்லை. வாசல்காரன் உள்ளே விடவில்லை. ஹில்லேல் கூரைமேல் ஏறி, வெளிச்சம் வர விட்டிருந்த திறப்பில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். உள்ளே செமாயா, அப்தல்யோன் என்ற இரண்டு ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். அது தேபேத் மாதம், நம்ம மார்கழி தை. வெள்ளிக்கிழமை ராத்திரி, ஓய்வுநாள் தொடங்கிவிட்டது. பனி கொட்டுகிறது. விடியும்போது செமாயா பார்க்கிறார், தினமும் வெளிச்சமாக இருக்கிற வீடு இன்றைக்கு இருட்டாக இருக்கிறதே என்று. அண்ணாந்தால் திறப்பில் ஒரு மனுச உருவம். ஏறிப் பார்த்தால் மூன்று முழம் பனிக்குக் கீழே ஹில்லேல் விறைத்துக் கிடக்கிறார். இறக்கிக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நெருப்பு மூட்டி உட்கார வைத்தார்கள். ஓய்வுநாளில் இதெல்லாம் செய்யக்கூடாத வேலை. இந்த மனுசனுக்காக ஓய்வுநாளை மீறலாம் என்று சொல்லிவிட்டே செய்தார்கள்.

எங்கள் ஐயர் கதையை இங்கே நிறுத்திவிட்டு, 'இப்பத் துரோணன் கதையச் சொல்லுடா' என்பார். நான் சொல்லுவேன். வேடன் மகன், வித்தை கேட்டு வந்தான், இல்லை என்றார்கள், காட்டில் மண்ணைப் பிசைந்து உருவம் செய்து தானே கற்றான், கட்டைவிரலைக் கேட்டார்கள். இரண்டு பேரும் வெளியே நின்றுதான் கற்றார்கள். ஒருத்தனுக்கு நெருப்பு மூட்டினார்கள், ஒருத்தனுக்கு விரலை வெட்டினார்கள். ஹில்லேல் பிறகு அந்த மரபின் பெரிய ஆசிரியராகவே ஆனார்.

அதனால்தான், குரு-சிஷ்ய பரம்பரையும் இதுவும் ஒன்று என்று சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

*

வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கலாம். எபிரேயத்தில் 'தல்மித்' என்றால் கற்கிறவன். கற்பது என்ற வினையிலிருந்து வந்த சொல். சுவிசேஷங்கள் எழுதப்பட்ட கிரேக்கத்திலும் 'மத்தேதெஸ்' என்றால் கற்கிறவன்தான். நம்முடைய சீஷன், சீடன் எல்லாம் சமஸ்கிருதச் 'சிஷ்ய'. சாசனம், சாஸ்திரம் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்த சொல். அந்த வேருக்குப் போதிப்பது என்று ஒரு பொருள், ஆணையிடுவது, தண்டிப்பது என்று இன்னொரு பொருள். மொழிபெயர்ப்பில் ஒரு மாணவன் தொலைந்துபோய்க் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

கேள்வி கேட்காதவனா தல்மித்? தல்மூதில் ரேஷ் லாக்கீஷ் என்று ஒருவர் வருகிறார். முன்னால் கொள்ளைக்காரனாக இருந்தவர் என்று அதே நூல் சொல்கிறது. யோகனான் என்ற ஆசிரியர் அவரை இழுத்துவந்து படிக்க வைத்துத் தன் மைத்துனனாகவும் ஆக்கிக்கொள்கிறார். ரேஷ் லாக்கீஷ் செத்துப்போனதும் யோகனானுக்கு வேறு ஒரு கெட்டிக்காரனைத் துணைக்கு அனுப்புகிறார்கள். இவர் எது சொன்னாலும் அவன் அதற்கு ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறான். யோகனானுக்குக் கோபம் வருகிறது. நான் ஒன்று சொன்னால் என் பழைய துணைவன் 24 ஆட்சேபணை எழுப்புவான், நான் 24 பதில் சொல்லுவேன், விசயம் விரியும், நீ எனக்கு ஆமாம் போடவா வந்தாய் என்று கதறுகிறார். இதுதான் அங்கே சீஷத்துவம். லூக்கா எழுதியதிலும் 12 வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்கிறார், கேள்வியும் எழுப்புகிறார். நம்ம ஞாயிறு பள்ளிப் படத்தில்தான் அந்தப் பையன் கையைத் தூக்கித் தாத்தாமார்களுக்குப் பிரசங்கம் பண்ணுகிறான்.

இந்தக் கதைகள் எழுத்தில் தொகுக்கப்பட்டது பிற்காலத்தில் என்பதை மறைக்கக் கூடாது. மிஷ்னா கி.பி. 200 வாக்கில். பாபிலோனியத் தல்மூது அதற்கும் 300 வருசம் கழித்து. 'ரபீ' என்பது முறையான பட்டமாக ஆனதே கி.பி. 70இல் தேவாலயம் இடிந்த பிறகுதான். இயேசு காலத்தில் அது மரியாதைக்கு அழைக்கிற சொல். ஆனாலும் ஆசிரியரின் காலடியில் உட்காருவது, கூடவே நடப்பது, சேர்ந்து சாப்பிடுவது, அவர் வாழ்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது எல்லாம் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த பழக்கங்கள். பவுல் கமாலியேலின் காலடியில் படித்ததாகச் சொல்லிக்கொள்கிறார். பெத்தானியா மரியாள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்ததாக லூக்கா எழுதுவதும் அதே பொருளில்தான். சமையல்கட்டில் இருக்க வேண்டியவள் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்பதுதான் அந்த வீட்டில் சண்டை.

பரிசேயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம பிரசங்கிகள் யாரையாவது திட்டணும் என்றால் 'பரிசேயன்' என்பார்கள். அதையே 2,000 வருசம் சொல்லித்தான் ஐரோப்பாவில் யூதர்களைக் கொன்றார்கள். ஒரு சாதியின் பேரை வசவுச்சொல்லாக ஆக்குவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். இயேசு பரிசேயரோடு போட்டது வீட்டுக்குள் போட்ட சண்டை. அவர் வாதம் பண்ணுகிற முறை, வேதத்தை வேதத்தால் மடக்குகிற முறை, எல்லாம் அவர்களுடையது.

*

இப்போது 'ஐயர்' விசயத்துக்கு வருகிறேன்.

யூத மரபில் ஆசாரியன் வேறு, ஆசிரியன் வேறு. ஆசாரியன் பிறப்பால் வருகிறவன். ஆரோன் வம்சத்தில் பிறக்கணும், வேறு வழியே கிடையாது. ரபீ படித்து வருகிறவன். எந்த வீட்டுப் பிள்ளையும் ஆகலாம். மிஷ்னாவில் ஒரு சட்டம் இருக்கிறது. தகாத உறவில் பிறந்தவன் என்று முத்திரை குத்தப்பட்டவனை 'மம்சேர்' என்பார்கள். வம்சவரிசையில் கீழ்ப்படியில் இருக்கிற ஆள். அந்த மம்சேர் படித்தவனாகவும், பிரதான ஆசாரியன் படிக்காதவனாகவும் இருந்தால் மம்சேருக்குத்தான் முன்னுரிமை. மம்சேர் என்ற முத்திரையே பிறப்பின் பேரால் நடந்த கொடுமைதான், அதை நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்த ஏணியைக் கல்வி என்ற ஒன்றால் கவிழ்க்கலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மனுவில் இப்படி ஒரு வரி தேடிப் பாருங்கள்.

ஹில்லேலுக்கு நெருப்பு மூட்டிய செமாயாவும் அப்தல்யோனும் யூத வம்சமே இல்லை, வேறு இனத்திலிருந்து மாறியவர்களின் வழி என்று மரபு சொல்கிறது. ஒரு வருசம் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் தேவாலயத்தை விட்டு வருகிறான், சனம் பின்னால் போகிறது. எதிரே இந்த இரண்டு ஆசிரியர்களும் வருகிறார்கள். சனம் ஆசாரியனை விட்டுவிட்டு இவர்கள் பின்னால் போய்விட்டது. ஆசாரியனுக்கு எரிச்சல். விடைபெறப் போனபோது, அன்னிய சாதிப் பிள்ளைகள் சுகமாகப் போகட்டும் என்று பிறப்பைக் குத்திக் காட்டினான். ஆரோன் செய்த வேலையைச் செய்கிற அன்னிய சாதிக்காரன் சுகமாகப் போகட்டும், ஆரோன் வம்சத்தில் பிறந்தும் ஆரோன் வேலையைச் செய்யாதவனுக்கு அது வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சாவடியில் நின்று கேட்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

நம்ம 'குரு' என்ற சொல்லில் இந்த இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கிறது. போதிக்கிறவனும் அவன்தான், பூசை வைக்கிறவனும் அவன்தான், இரண்டுக்கும் பிறப்புதான் சீட்டு. பழனி மலைக்காரன் என்பதால் இதையும் சொல்லணும். பழனியில் போகரின் சீடர் புலிப்பாணி வழியினரிடம்தான் முருகன் பூசை இருந்தது, திருமலை நாயக்கர் காலத்தில் தளவாய் ராமப்பய்யன் அதைப் பார்ப்பனக் குருக்களுக்கு மாற்றினான் என்று தலவரலாறே சொல்கிறது. சீடவழி தோற்றது, பிறப்புவழி ஜெயித்தது.

கிறிஸ்தவம் இங்கே வந்தபோது, ஆசாரியன், ஆசிரியன் என்ற இரண்டு சொல்லையும் பிரித்துப் பார்க்காமல் குரு என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றினார்கள். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பார்ப்பனச் சன்னியாசி கோலம் போட்டு, பார்ப்பனன் சமைத்ததை மட்டும் தின்று, தத்துவ போதகர் என்று பேர் வாங்கினார். அவருடைய தமிழுக்கும் உழைப்புக்கும் வணக்கம். ஆனால் அந்தக் கோலத்தைக் காப்பாற்ற என்ன விலை கொடுத்தார்கள்? மேல்சாதிக்கு ஒரு வகைக் குரு, கீழ்ச்சாதிக்குப் பண்டாரசாமி என்று இரண்டு வகை. சாகக் கிடக்கிற பறையரின் குடிசைக்குள் குரு நுழைந்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்கணுமா வேண்டாமா என்று ரோமாபுரி வரைக்கும் வழக்குப் போனது. 1704இல் பாண்டிச்சேரியில் கர்தினால் தூர்னோன் கட்டாயம் போகணும் என்று உத்தரவு போட்டார். 40 வருசம் இழுத்தடித்து 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் என்ன முடிவு வந்தது தெரியுமா? பறையருக்கென்று தனிக் குருக்கள். மேல்சாதிக் குருவின் சுத்தம் காப்பாற்றப்பட்டது.

செண்பகனூரில் 1895இல் ஏசு சபையார் குருமாணவர்களுக்கென்று பெரிய இல்லம் கட்டினார்கள். கூலி காட் போய் முடிகிற இடம் அதுதான். இப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழில் 'குருமடம்' என்று பேர். யூதர்கள் தங்களுடைய இடத்தை 'பேத் மித்ராஷ்' என்றார்கள். தேடி விசாரிக்கிற வீடு என்று பொருள். எங்கள் சீர்திருத்தச் சபையும் இதில் யோக்கியம் இல்லை. ரபீயை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்து, கடைசியில் ஐயராக்கி வைத்திருக்கிறோம்.

அமெரிக்கன் மிஷன்காரர்களுக்கு ஒரு நியாயம் செய்யணும். 1847இல் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். சாதியைச் சுத்தமாக விடாதவனுக்குத் திருவிருந்து கிடையாது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டணும். 70 பேருக்கு மேல் மறுத்து விலக்கி வைக்கப்பட்டார்கள். அதில் கணிசமான பேர் உபதேசியார்கள். போதிக்கிற வேலையில் இருந்தவர்களே பந்தியில் உட்கார மாட்டேன் என்றார்கள். சம்பளம் போனாலும் சரி, சபை சுருங்கினாலும் சரி என்று நின்ற அந்த வெள்ளைக்காரர்களை நான் மறக்கமாட்டேன். அதே கையோடு இதையும் மறக்கமாட்டேன்: பந்தியில் சரிசமமாக உட்கார வைத்தவர்கள் மலைக்கு எங்கள் தோள்மேல் உட்கார்ந்து போனார்கள். 1901இல் மலைமேல் பள்ளிக்கூடம் திறந்தபோது அது மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத்தான் திறக்கப்பட்டது.

*

செருப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தாத்தா மன்னிக்கமாட்டார். டோலி தூக்கியவரின் மகன். செருப்புத் தைத்தவர்.

தல்மூதில் ஒரு விதி. அடிமை எசமானனுக்குச் செய்கிற எல்லா வேலையையும் மாணவன் ஆசிரியனுக்குச் செய்யலாம், ஒன்றைத் தவிர. செருப்பைக் கழற்றிவிடுவது. அதைச் செய்தால் பார்க்கிறவன் இவனை அடிமை என்றே நினைத்துவிடுவான். மாணவனுடைய மானத்துக்கு ஒரு எல்லைக்கோடு போட்டார்கள், அது செருப்பு வாரில் இருந்தது. யோவான் ஸ்நானன், வரப்போகிறவரின் செருப்பு வாரை அவிழ்க்கவும் தனக்குத் தகுதியில்லை என்று சொன்னதன் கனம் இதோடு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். கடைசி ராத்திரியில் இயேசு செய்தது அதற்கும் மேல். மாணவன்கூடச் செய்யத் தேவையில்லாத கால் வேலையை ஆசிரியன் மாணவர்களுக்குச் செய்தான். பேதுரு ஏன் பதறினான் என்று இப்போது புரியும்.

எங்கள் ஊரில் செருப்பு என்ன செய்தது? தாத்தா தைத்த செருப்பை மேலத்தெருக்காரர்கள் போட்டு நடந்தார்கள். அதே தெருவில் தாத்தா தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியும் அந்தத் தெருதான். சின்னப்பிள்ளையில் நானும் அப்படிப் போயிருக்கிறேன். பெரிய வியாழனன்று ஆலயத்தில் கால் கழுவுகிற சடங்கு நடக்கும். ஒரு வருசம் எங்கள் தெரு ஆள் ஒருவரின் பேர் 12 பேர் பட்டியலில் இருந்தது. அந்த வருசம் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று சடங்கையே நிறுத்திவிட்டார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவனாகிவிட்டால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. ஆணை எழுதியவர்கள் எங்கள் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை.

அக்கிபாவின் மாணவர்களில் யோகனான் ஹா-சந்த்லார் என்று ஒரு பெரிய ரபீ இருந்தார். சந்த்லார் என்றால் செருப்புத் தைக்கிறவர். அலெக்சாந்திரியாக்காரர் என்று வேறு பொருள் சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும், நான் செருப்பை விட்டுத்தர மாட்டேன். இன்னொரு பெரியவர், யோசே பென் கலப்தா, தோல் வேலை செய்தவர். அந்தச் சமூகத்திலும் தோல்காரனின் நாற்றத்தைச் சொல்லி முகம் சுளித்தார்கள். தோல் பதனிடுகிற இடம் ஊருக்கு வெளியே 50 முழம் தள்ளி இருக்கணும் என்று சட்டம் உண்டு. தோல்காரன் பெண்டாட்டி அந்த நாற்றத்துக்காகவே தீர்த்துக்கொண்டு போகலாம் என்றும் உண்டு. ஆனால் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவதை அந்த நாற்றம் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

*

சண்டையே இல்லாத மரபு என்று நான் சொல்லவில்லை. யாரைச் சேர்க்கலாம் என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை. ஷம்மாய் கட்சி, அறிவும் அடக்கமும் நல்ல குடும்பமும் சொத்தும் உள்ளவனுக்குத்தான் சொல்லிக்கொடுக்கணும் என்றது. ஹில்லேல் கட்சி, எல்லாருக்கும் சொல்லிக்கொடு என்றது. கூரையில் விறைத்தவனின் கட்சி வேறு எப்படிப் பேசும்? பெண்களுக்குத் தோரா கற்றுக்கொடுப்பதைக் கெட்ட வார்த்தையால் சொன்ன எலியேசரும் அங்கேதான் இருக்கிறார், மகளுக்குக் கற்றுக்கொடுப்பது கடமை என்ற பென் அசாயும் அங்கேதான் இருக்கிறார். படிக்காத நாட்டுப்புறத்தானைப் பற்றித் தல்மூதில் இருக்கிற ஏளனப் பேச்சைப் படித்தால் நமக்கு ரத்தம் கொதிக்கும்.

தேவாலயம் இடிந்த பிறகு யாப்னே ஊரில் நடந்ததைக் கேளுங்கள். பவுலின் ஆசிரியரான கமாலியேலின் பேரன், அவர் பேரும் கமாலியேல்தான், கல்விக் கூடத்தின் தலைவர். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாதவன் நுழையக் கூடாது என்று வாசலில் காவல் போட்டார். யோசுவா என்ற ஆசிரியர் தன்னோடு முரண்பட்டதற்காக, பாடம் முடிகிற வரைக்கும் அவரை நிற்கவைத்தார். சபை பொறுக்கவில்லை. சத்தம் போட்டு கமாலியேலை இறக்கிவிட்டார்கள். அன்றைக்கே வாசல்காரனை நீக்கிக் கதவைத் திறந்தார்கள். கூட்டம் தாங்காமல் பெஞ்சு சேர்த்துப் போட்டார்கள். 400 பெஞ்சு என்று ஒருவர் சொல்ல, 700 என்று இன்னொருவர் சொல்ல, அந்தச் சண்டையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு கமாலியேல் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போகிறார். சுவரெல்லாம் கரி. நீ கரிவேலை செய்கிறவன் என்று சுவரே சொல்கிறதே என்கிறார். யோசுவாவுக்கு வந்ததே கோபம். படிக்கிறவன் எப்படி வயிறு வளர்க்கிறான் என்று தெரியாத நீயெல்லாம் ஒரு தலைவனா என்று கேட்டுவிட்டார். மாணவனுடைய அடுப்பையும் சுவரையும் பார்க்காத எந்த ஆசிரியனுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பெஞ்சு கதையின் மிச்சம் நம்ம மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில் நடந்தது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதர் ஜெப ஆலயம் இருக்கிறது. அங்கே 'மெசுக்ராரிம்' என்று ஒரு பிரிவு, விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் வழியினர். வேதம் படித்த யூதர்கள்தான். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து எகிப்துக்குக் கேள்வி போனது. அங்கிருந்த தாவீது இப்ன் சிம்ரா என்ற பெரிய ரபீ, முறைப்படி மார்க்கத்தில் சேர்ந்தவர்களானால் அவர்கள் முழு யூதர்கள் என்று தீர்ப்பு எழுதி அனுப்பினார். கொச்சி கேட்கவில்லை. 300 வருசத்துக்கு மேல் கேட்கவில்லை. அந்த அடிமை வழியில் வந்த ஏ. பி. சேலம் (1882–1967) வக்கீலுக்குப் படித்து, தொழிற்சங்கம் கட்டி, தன் ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தி, 20ஆம் நூற்றாண்டில்தான் அந்தப் பெஞ்சில் உட்கார முடிந்தது. யாப்னேயில் ஒரே நாளில் போட்ட பெஞ்சு நம்ம மண்ணுக்கு வந்தபோது சாதி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எந்த வேதம் வந்தாலும் இறங்குகிற துறைமுகத்திலேயே அதற்கு ஒரு சாதிச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற ஊர் இது. கொச்சிக்காரர்களுக்கு ஒரு தீர்ப்பாவது எகிப்திலிருந்து வந்தது. எங்கள் சபை வழக்கை எந்த ஊருக்கு எழுதி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

அந்தக் கூடுகையின் கடைசி ராத்திரி. எல்லாரும் சாட்சி சொல்லி முடித்துப் படுக்கப் போய்விட்டார்கள். எனக்குக் குளிரில் தூக்கம் வரவில்லை. சமையல்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, போய் உட்கார்ந்தேன். மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மா மலைப்புலையர் சனம். குன்னுவர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமையாகக் கிடந்த குடும்பம். மன்னவனூர்ப் பக்கம். பேச்சு நடந்த மூன்று நாளும் அந்த அம்மா கூடத்துக்கதவின் பின்னால் பாத்திரத்துணியோடு நின்று கேட்டதை நான் பார்த்திருந்தேன்.

'யாரு தம்பி அது, ஏகலைவன்? நீ கேட்டதும் அவரு மொகம் மாறிப்போச்சே' என்றது.

சொன்னேன். 'ம்' என்றது. பிறகு ஹில்லேல் கதையையும் சொன்னேன். பனி கொட்டியது என்று சொன்னபோது மட்டும் நிறுத்தியது. 'மூணு மொழமா? எங்கூருல தைமாசம் ஒறபனி விழுந்தா மாடே வெறச்சுப் போகும். ராவெல்லாம் கூரைமேல எப்படிப்பா உசுரோட கெடந்தாரு?' நான் எண்ணெய் தேய்த்ததை, நெருப்பு மூட்டியதை, ஓய்வுநாளை மீறியதை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே விறகைத் தள்ளிவிட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

'சரி, அந்த வாசக்காரன என்ன செஞ்சாங்க?' என்று கேட்டது. 'தெனமும் கூலியில பாதிய வாங்கித் தின்னவன. ஒருநா காசில்லன்னதும் வெளிய தள்ளுனவன. அவன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலயா?'

நான் அந்தப் பகுதியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். எங்கள் ஐயரும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் அதற்குமேல் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லை என்று சொன்னேன்.

'நல்லா பாரு தம்பி' என்றது அந்த அம்மா.